'உயிரிருந்தால்' என்ற ஒரு சொல்

பிரசவ அறையின் கதவை ஒட்டி, சுவரில் அடித்த மரப்பலகையில் ஒரு பீங்கான் கூஜா இருக்கும். இப்போது அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பஞ்சு டப்பா வைத்திருக்கிறார்களாம். நான் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிலோமினா, போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது சொன்னாள்.

"அக்கா, அந்தப் பலகைக்கு மேல சுவத்துல ஏதோ அட்டை ஒட்டியிருந்த தடம் இருக்குது. இன்னா எழுதியிருந்துச்சு அதுல?"

"ஞானஸ்நானம் கொடுக்கிற வார்த்தை" என்றேன்.

"அது சாமியார் வேலையாச்சே. நர்சுக்கு எதுக்கு?" என்று சிரித்தாள்.

அந்தக் கேள்விக்கு அப்போது ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். நீளமாக வாய் திறந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவள் கேட்டுவிட்டுப் போனதால் எழுத உட்கார்ந்தேன். இதை மலரில் போடுவார்களா என்பது சந்தேகம்தான். போடாவிட்டாலும் பிலோமினா படித்தால் போதும்.

நாடு சுதந்திரம் அடைந்த வருடம் நான் அங்கே மருத்துவச்சிப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அப்பா கண்டோன்மெண்டில் ஒரு வெள்ளைக்கார பங்களாவில் பட்லர். துரை கப்பலேறிப் போனதும் அவருக்கு வேலை போயிற்று. எட்டாம் வகுப்போடு நின்றிருந்த என்னை ரிச்சர்ட்ஸ் டவுன் கோயில் சாமியார் சிபாரிசில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜெபமாலை சொல்லாமல் எங்கள் வீட்டில் ராத்திரி சோறு கிடையாது. பூசை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், தவசுகாலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி எல்லாம் பல் துலக்குகிற மாதிரி தினசரி வாழ்க்கையில் சேர்ந்தவை. அவற்றை நான் நம்பினேனா என்று யாராவது கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையைத் தேய்த்துக் கழுவினோம், கொதிக்க வைத்தோம், திட்டு வாங்கினோம். வயிற்றைத் தடவிப் பார்த்துக் குழந்தையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். அதோடு எங்களைப் போன்ற கத்தோலிக்கப் பெண்களுக்கு மட்டும் தனியாக ஒரு பாடம் உண்டு. அதை மதர் தானே நடத்துவார்.

மதர் ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரிகளுக்குத் தலைவி, அயர்லாந்துக்காரர். உயரமானவர். வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை, ஆனால் எங்கேயும் தாமதமாக வந்தும் பார்த்ததில்லை. தமிழை ஞானோபதேசப் புத்தகத்தில் படித்தவர் என்பதால் புத்தகத்தில் உள்ளபடியே பேசுவார். குழந்தை சாகக் கிடக்கிறது, சாமியார் வருவதற்குள் போய்விடும் என்றால் நாங்களே ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் பாடம். தண்ணீர் தலைத் தோலில் பட வேண்டும். பட்டால் மட்டும் போதாது, ஓட வேண்டும். முடியில் நின்றுவிட்டால் செல்லுமா என்பது சந்தேகம். கையிலோ காலிலோ ஊற்றினால் அதுவும் சந்தேகம். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வார்த்தைகளைச் சொல்லி முடிக்க வேண்டும்: "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." அட்டையில் எழுதியிருந்தது அதுதான்.

அதன் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி இருந்தது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாவிட்டால் "உனக்கு உயிரிருந்தால்" என்று ஆரம்பித்து மற்றதைச் சொல்ல வேண்டும். செத்த உடம்புக்குச் சடங்கு கிடையாது, கொடுத்தால் சடங்கை அவமதித்த பாவம். அதற்காகத்தான் அந்தச் சொல்.

ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் மதர் வந்து கூஜாவைத் தொட்டுப் பார்ப்பார். தண்ணீர் ஆறியிருந்தால் கொட்டிவிட்டு வேறு ஊற்றச் சொல்வார். "சாகிற பிள்ளை குளிரில் நடுங்கக் கூடாது" என்பார். அவரைப் பற்றி நான் எழுதப்போவதைப் படிப்பவர்கள் இதையும் மறக்கக் கூடாது.

கிறிஸ்தவக் குழந்தைகளுக்கு மட்டும் என்றில்லை. எந்த மதத்துக் குழந்தை என்றாலும் சாவு நிச்சயம் என்று தெரிந்தால், பெற்றவர்களுக்குத் தெரியாமல், துடைப்பது போல ஊற்றிவிட வேண்டும் என்பது உத்தரவு.

வார்டு ஆயா முனியம்மா தொம்மலூரிலிருந்து வருவாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ரோசம்மா, உங்க சாமி கேட்டுல நின்னுகினு டிக்கெட் கேப்பாரா? தலை நனைஞ்சிருந்தாதான் உள்ள வுடுவாரா?"

"சும்மா இரு முனியம்மா. மதர் காதுல விழப்போகுது."

"வியட்டும். எங்க மாரியாத்தா கோயில்ல இந்த பேஜார் இல்ல. நனைஞ்சவன், காய்ஞ்சவன், குடிச்சவன் எல்லாரையும் வுட்டுருவா."

எனக்குக் கோபம் வந்தது. அறியாதவள், இவளுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

வேலைக்கு வந்து சில வருடம் கழித்து, பிரேசர் டவுன் பள்ளிவாசல் பக்கத்திலிருந்து ஒரு துலுக்கப் பெண் வந்தாள். ஏழு மாதத்திலேயே பிரசவம். குழந்தை ஒரு கையில் அடங்கிவிடும். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தண்ணீரை ஊற்றி வார்த்தைகளைச் சொல்லி முடித்தேன். துணியில் சுற்றிக்கொண்டு திரும்பினால் அதன் தகப்பன் கதவருகே நிற்கிறான். இருபது வயதுதான் இருக்கும்.

"கொஞ்சம் குடும்மா. காதுல பாங்கு சொல்லணும்."

கொடுத்தேன். அவன் குழந்தையின் முகத்தைப் பார்த்தான். "பாவம் பச்சா, எப்படி வேர்த்திருக்கு பாரு" என்று சொல்லி, சட்டைக் கையால் அதன் நெற்றியையும் தலையையும் மெல்லத் துடைத்தான். பிறகு காதருகே குனிந்து ஏதோ ஓதினான். ஓதும்போது குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லி முடித்தான். குழந்தை அவன் கையிலேயே போயிற்று.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. துடைத்துவிட்டதால் ஞானஸ்நானம் போய்விடாது, தண்ணீர் ஓடியது ஓடியதுதான் என்று பாடத்தின்படி எனக்கு நன்றாகத் தெரியும். என்னைத் தொந்தரவு செய்தது அதில்லை. அவன் எல்லார் முன்னிலையிலும் தன் பிள்ளைக்குச் செய்ததை, நான் முதுகைத் திருப்பிக்கொண்டு அவன் பிள்ளைக்குச் செய்திருந்தேன். நல்ல காரியத்துக்கு ஏன் முதுகைத் திருப்ப வேண்டும்?

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன். கூடவே இன்னொன்றும் கேட்டேன். ஞானஸ்நானம் இல்லை என்பதால், பிறக்கும்போதே இறந்த கத்தோலிக்கக் குழந்தைகளைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க விடுவதில்லை. மதிலுக்கு வெளியே எருக்கஞ்செடிகள் மண்டிய இடத்தில் முனியம்மாவும் வாட்ச்மேனும் குழி தோண்டுவார்கள். அந்தக் குழந்தைகள் எங்கே போகின்றன என்று கேட்டேன்.

"லிம்போ" என்றார் சாமியார். "வேதனையும் இல்ல. சர்வேசுரனைப் பார்க்கிற பாக்கியமும் இல்ல. படிச்சிருக்கியே?"

"படிச்சிருக்கேன், சாமி. அம்மாவைப் பார்க்குமா?"

 கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இப்படியெல்லாம் யோசிக்கிறதுக்குப் பெருமைன்னு பேரு. பெருமை சாவான பாவம்" என்றார். அதற்குத் தண்டனையாக ஒரு ஜெபமாலை சொன்னேன். கேள்விகள் கொஞ்ச காலம் அடங்கியிருந்தன.

இனி செசிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செசிலி எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவள், பிரேசர் டவுனில் குடியிருந்தாள். புருஷன் ஒரு பட்டறையில் ஃபிட்டர். முதல் கர்ப்பம் கலைந்துபோய், ரொம்ப வருடம் கழித்துத் தங்கியது இது. ஒன்பது மாதமும் சரியாக ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டினாள். ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, "அக்கா, சூசை உதைக்கிறான் பாரு" என்பாள். பையன்தான், பெயர் சூசைதான் என்று அவளே முடிவு செய்திருந்தாள்.

வலி எடுத்து வந்தது ஒரு காலை வேளை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மதிய மணி அடித்த சமயத்தில் பனிக்குடம் உடைந்தது. தண்ணீரோடு கொடியும் நழுவிக் கீழே வந்துவிட்டது.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொப்புள்கொடிதான் குழந்தைக்கு மூச்சு. அது முதலில் இறங்கி, பின்னாலேயே தலை இறங்கினால், தலைக்கும் எலும்புக்கும் நடுவே கொடி நசுங்கிக் குழந்தை செத்துவிடும். அதற்கு ஒரே வழி, கையை உள்ளே விட்டுத் தலையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, டாக்டர் வந்து வயிற்றைக் கீறி எடுக்கிறவரை விடாமல் இருப்பதுதான். நான் அப்படித்தான் செய்தேன். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். என் இரண்டு விரல்கள் தலையைத் தாங்கின. புறங்கையில் கொடி கிடந்தது. அது துடித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பயந்த குருவியைக் கையில் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

டாக்டரம்மா மாடியில் வேறு ஒரு ஆபரேஷனில் இருந்தார். கன்னடத்துக்காரர், கோபக்காரர், ஆனால் கெட்டிக்காரர். முனியம்மா மாடிக்கு ஓடிப்போய் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"தையல் போட்டுகினு இருக்காங்க. முடிச்சுட்டு ஜல்தியா வர்றாங்களாம். யார் சொன்னாலும் கைய மட்டும் எடுக்க வேணாம்னாங்க."

அப்போது மதர் உள்ளே வந்தார். கையில் ரப்பர் குழாய் மாட்டிய கண்ணாடி சிரிஞ்சு இருந்தது. பிறக்காத குழந்தைக்கு உள்ளேயே தண்ணீர் ஊற்ற வைத்திருந்தது அது. நாங்கள் பாடத்தில் பார்த்திருந்தோம். பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை.

"ரோசம்மா, துடிப்பு உண்டா?"

"உண்டு, மதர்."

"குறைகிறதா?"

உண்மையைச் சொன்னேன். "வலி வரும்போது குறையுது. அப்புறம் சரியாவுது."

மதர் குனிந்து குழாயைச் செலுத்திப் பார்த்தார். என் கை தலையை முழுக்க மறைத்திருந்தது. "தண்ணீர் உன் கையில்தான் விழும். தலையில் ஓடாது. கையை எடு."

"எடுத்தா கொடி நசுங்கிடும், மதர். டாக்டரம்மா எடுக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"எனக்கும் தெரியும்" என்றார். அந்தக் குரலை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது. அதில் கோபம் இல்லை. "டாக்டர் வருவதற்குள் இந்தப் பிள்ளை இறந்தால்? உடம்பு இன்று பிழைத்தாலும் ஒருநாள் போகும். ஆத்துமம் அப்படியல்ல."

நான் எடுக்கவில்லை. துணிச்சலால் அல்ல. விரல்கள் விறைத்துப்போய், எடு என்றால் எடுக்க வராத நிலையில் இருந்தன. மதர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஜுரத்தில் கிடப்பவரின் கையை நகர்த்துவது போல மென்மையாக என் கையை வெளியே இழுத்தார். கொடி மட்டும் என் விரல்களுக்கு நடுவே இருந்தது.

குழாய் உள்ளே போயிற்று. மதர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "சூசை, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

'உயிரிருந்தால்' என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. துடிப்பு உண்டு என்று நான்தான் சொல்லியிருந்தேனே.

அந்த நேரத்தில் ஒரு பெரிய வலி வந்தது. செசிலி அலறினாள். தலை இறங்கியது. என் விரல்களுக்கு நடுவே இருந்தது ஒருமுறை வேகமாகத் துடித்தது, பிறகு மெதுவாக, பிறகு இல்லை. நான் மறுபடி கையை உள்ளே விட்டுத் தள்ளினேன். தள்ளிக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா ஈரக் கையோடு வந்து கொடியைத் தொட்டுப் பார்த்தார். குழல் வைத்து வயிற்றில் கேட்டார். என்னைப் பார்த்து, "யாக்கம்மா?" என்றார். ஏனம்மா என்று கன்னடத்தில் கேட்டார், அவ்வளவுதான். மதர், "நான்தான் கையை எடுக்கச் சொன்னேன்" என்று முன்னால் வந்து நின்றார்.  டாக்டரம்மா திரும்பிப்போய் மறுபடி கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

குழந்தை பின்பு ஆயுதம் போட்டுப் பிறந்தது. பையன்தான். நல்ல எடை.

நான் கையை எடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது. இந்த மாதிரிக் கேஸ்களில் டாக்டர் பக்கத்திலேயே இருந்தும் போன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அதை நிச்சயமாகச் சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை.

மதர் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். முழந்தாளிட்டு அழுதார். துக்கத்தில் அழுகிறார் என்று முதலில் நினைத்தேன். "ரோசம்மா, இன்று நாம் ஒரு ஆத்துமத்தை மோட்சத்தில் சேர்த்தோம்" என்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். வேஷம் இல்லை, நிஜமான சந்தோஷம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

சூசையைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே, மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்தார்கள். சாமியார் துக்கத்துக்குரிய கறுப்பு இல்லாமல் வெள்ளை உடுப்பில் வந்தார். செசிலி கொஞ்சம் எழுந்து உட்காரத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டாள். அப்போது நான் அவள் வயிற்றுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும். மதர் தண்ணி ஊத்தறப்ப உசிரு இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

"நிச்சயமா?"

"என் கையிலதான் துடிச்சுது. இருந்துச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றுதான் முதல்முறையாகக் கஞ்சி முழுவதும் குடித்தாள். நான் சொன்னதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை.

அதற்குப் பிறகு என் விசுவாசம் எந்த நாளில் போயிற்று என்று குறித்துச் சொல்ல முடியாது. பூசைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஜெபமாலை சொல்லும்போது மணிகள் விரலில் நகரும், வார்த்தை வாயில் வரும், கேட்பவர் யாரும் எதிரில் இல்லை என்று தோன்றும். முதலில் பயமாக இருந்தது. பிறகு பயமும் குறைந்தது. அதுதான் அதிகப் பயம் தந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரே ஒருமுறை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது மதரிடம் கேட்டேன். எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது.

"மதர், தண்ணி படலேன்னா சர்வேசுரன் அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்க மாட்டாரா?"

"சேர்க்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை, மகளே. சேர்ப்பாரா என்று எனக்கு உறுதி இல்லை. உறுதி இல்லாதபோது பத்திரமான வழியைத்தான் எடுக்க வேண்டும்."

எது பத்திரம் என்ற கேள்வி வாய்வரை வந்தது. அவர் மடித்த துணியின் ஓரங்களைச் சரிபார்த்துக்கொண்டு போய்விட்டார். சில வருடத்தில் உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பினார். அங்கேயே இறந்துபோனார் என்று செய்தி வந்தது.

கத்தோலிக்கப் பெற்றோர் கேட்டால் நான் கடைசிவரை ஊற்றிக்கொண்டிருந்தேன். அது அவர்கள் பிள்ளை, அவர்கள் ஆசை. மற்றவர்களின் குழந்தைகளுக்கு அந்த வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை மட்டும் துடைத்துத் தாய் பக்கத்தில் கிடத்தினேன். வார்த்தை எதுவும் சொல்லவில்லை. முனியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பற்றி மட்டும் அவள் கிண்டல் செய்யவில்லை.

இடுப்பு வலி மிஞ்சிப்போய், ஓய்வு வயதுக்கு முன்னாலேயே வேலையை விட்டேன். முன்பு லத்தீனில் நடந்த பூசை இப்போது தமிழில் நடக்கிறது. சாமியார் நம் பக்கம் திரும்பி நின்று பேசுகிறார். சில வாரத்துக்கு முன்னால், புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: "ஞானஸ்நானம் பெறாம இறந்த குழந்தைகளை நினைச்சு யாரும் கலங்க வேண்டாம். லிம்போங்கிறது பழைய அறிஞர்கள் யோசிச்சுச் சொன்னது, விசுவாசப் பிரமாணத்துல அது இல்லை. ஆண்டவருடைய இரக்கத்துக்கு நம்ம தண்ணி தேவையில்லை." நல்ல மனுஷன். ஆறுதலாகச் சொன்னார். எனக்குப் பின்னால் ஒரு கிழவி வாய்விட்டு அழுதாள். அவளுக்கு எருக்கஞ்செடிக்குக் கீழே யார் இருந்தார்களோ.

பூசை முடிந்து வெளியே வந்தபோது செசிலி என்னைத் தேடிப் பிடித்தாள். சூசைக்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. தலை நரைத்துவிட்டது.

"கேட்டீங்களா அக்கா, சாமியார் சொன்னதை? தண்ணி படாத புள்ளைங்களும் போய்ச் சேந்துடுமாம். பாவம், எத்தினி தாய்ங்க இத்தினி வருசமா அழுதுகினு இருந்தாங்க! எனக்கு அந்தக் கவலையே இல்லாமப் போச்சு. அன்னிக்கு நீங்களும் மதரும் ஒரு நிமிசம் தாமசம் பண்ணியிருந்தா என் கதி இன்னா ஆயிருக்கும், சொல்லுங்க?"

அவள் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா, செசிலி" என்றேன்.

"வாங்க, அவன் பேருக்கு ஒரு மெழுகுவத்தி வெச்சுட்டுப் போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

பஸ் வந்துவிடும் என்று சொன்னேன். அவள் மட்டும் உள்ளே போனாள். பஸ் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது. நான் வெளியிலேயே நின்றேன்.